இடது பக்கம் கொஞ்சம் கொறச்சல்

ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலை செய்கிறவனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். இருநூறு அடிக்குக் கீழே, ராடு நுனியில் இருக்கிற பிட்டு எதைக் குடைகிறது என்று எவன் பார்க்க முடியும்? சத்தம்தான் சொல்லும். மண் என்றால் மொத்து மொத்தென்று வரும். கரும்பாறை என்றால் கணீர் கணீர். பாறையில் வெடிப்பு வந்தால் அந்தக் கணீர் சட்டென்று உள்வாங்கும், பேசிக்கொண்டிருக்கிறவன் நடுவில் எச்சில் விழுங்குகிற மாதிரி. அங்கே லீவரைப் பிடித்து மெதுவாக இறக்கினால் தண்ணீர். கேட்காமல் வேகமாக இறக்கினால் பிட்டு வெடிப்பில் மாட்டிக்கொள்ளும், ராடு அத்தனையும் குழிக்குள் நின்றுவிடும்.

எனக்குப் படிப்பு கிடையாது. பள்ளிக்கூடம் வரைக்கும் ஆடு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. காதுதான் எனக்குச் சோறு போட்டது. எனக்கு முன்னால் அந்த வண்டியில் டிரில்லராக இருந்தவருக்குக் காது மந்தமாகி, ராடு மாட்டி, முதலாளி அவரை டீசல் கேன் தூக்கப் போட்டுவிட்டார். நல்ல மனிதர். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் டீ வாங்கித் தருவார். நான் என்ன சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்பார். ஒருதரம் உங்கள் சம்சாரம் சௌக்கியமா என்று கேட்டதற்கு, பன் வேண்டாம், டீ போதும் என்றார். சரி, அது இருக்கட்டும்.

எண்பதுகளில் மழை பொய்த்து, ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டிருந்த காலம். கர்நாடகப் பக்கம் வேலைக்குப் போனபோது பெங்களூரில் ஒரு ஸ்டீரியோ செட் வாங்கி வந்தேன். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி நடுவில், ரெண்டு பக்கமும் தனித்தனி ஸ்பீக்கர். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கட்டிலுக்கு எதிரே பலகை அடித்து அதை வைத்தேன். புல்லாங்குழல் ஒரு பக்கமும் தபேலா மறுபக்கமும் வரும். மலையிலிருந்து சந்தைக்கு இறங்குகிறவர்கள்கூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு லீவு விட்டிருந்தார்கள். பூசை முடிந்த மறுநாள் படுத்துக்கொண்டு பாட்டுப் போட்டால், இடது பக்கம் சத்தம் செத்துக் கிடக்கிறது.

"ஏ புள்ள, இந்தப் பக்கம் கொறச்சலா கேக்குது பாரு."

என் பொஞ்சாதி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"செட்டு நல்லாத்தான் பாடுது. உங்க காதத்தான் கொண்டுபோய்க் காட்டோணும். அந்தப் பக்கம் நின்னு கூப்ட்டா திரும்பறதே இல்லீங்க நீங்க."

"நீ கூப்புடற லட்சணத்துக்கு எவன் திரும்புவான்?"

"டீசல் கேனு தூக்கச் சொன்னா திரும்புவீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வருஷக்கணக்காக நான் குழிக்கு இடது காதைக் கொடுத்துத்தான் நின்றிருக்கிறேன். கெட்டது செட்டா, காதா? அது தெரியாமல் திரும்பவும் வண்டி ஏறுவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

செட்டின் முன்னால், சத்தத்தை எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் கூட்டுகிற திருகு ஒன்று உண்டு. அது நடுவில்தான் இருந்தது. போர் வண்டியில் ஏதாவது கெட்டால் நாங்கள் முதலில் செய்வது ஒன்றுதான். சந்தேகப்படுகிற சாமானையும் நல்ல சாமானையும் இடம் மாற்றிப் போடுவோம். கோளாறு கூடவே போனால் அந்தச் சாமான்தான் கெட்டது. போகாமல் நின்றால் வேறெங்கோ கோளாறு. செட்டுக்குப் பின்னால் கையை விட்டு, இடது ஸ்பீக்கர் ஒயரை வலது ஓட்டையிலும், வலதை இடதிலும் மாற்றிச் சொருகினேன்.

இடது ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. வலது செத்துவிட்டது.

"இங்க வாடி! கம்மி இப்ப வலப்பக்கம் வந்துருச்சு. காது கழண்டு எடம் மாறுமா?"

அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஆமாங்க, இந்தப் பக்கம் கொறச்சல்தான். சரி, உங்க காது பொழச்சுது."

ஸ்பீக்கர் ரெண்டும் நல்லது, கோளாறு பெட்டிக்குள்ளே. ஒயரைப் பழையபடி மாட்டி ரேடியோவைத் திருப்பினேன். ரெண்டு பக்கமும் சமமாக வருகிறது என்றாள். எனக்கு மட்டும் இடது பக்கம் ஒரு நூல் குறைந்த மாதிரி இருந்தது. கட்டில் கோணலாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோ நன்றாக வருகிறதென்றால் கோளாறு கேசட் பாடுகிற இடத்தில். வேறு வேறு கேசட் போட்டேன், அத்தனையும் அதே கதி. மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்.

உள்ளே, நாடா உரசிப் போகிற சின்ன வெள்ளித் தலையில் ஒரு ஓரமாகக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"அட கருமமே, இதுக்குள்ள யாருங்க பொட்டு வெச்சது?"

வேறு யார், நான்தான். போர் வண்டிக்குப் பூசை போடும்போது லாரி நெற்றியில் மாலை மட்டும்தான். முதல் பொட்டு பிட்டுக்கு, அதன் மூக்கு நுனிக்கு. வேலை செய்கிற இடத்துக்குத்தான் பொட்டு என்பது எங்கள் வழக்கம். செட்டு விற்ற கடைக்காரன் அந்த வெள்ளித் தலையைக் காட்டி, பாட்டை எடுப்பது இதுதான், இதைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தான். பாட்டை எடுக்கிறதே அது என்றால் அதை விட்டுவிட்டு வெறும் பெட்டிக்குப் பொட்டு வைப்பதா? மனசு ஒப்பவில்லை, வைத்துவிட்டேன். நாடா ஓடி ஓடி ஒரு பாதியைத் துடைத்துவிட்டது. மறுபாதி அப்பிக்கொண்டது.

ஊசி போடுகிற கம்பவுண்டரிடம் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி வந்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, நனைத்து நனைத்துத் துடைத்தேன். சந்தனம் பிடிவாதமாக இருந்தது, நானும் இருந்தேன்.

"அப்படியே உங்க காதுலயும் ஒரு சுத்து சுத்துங்க" என்று அவள் சிரித்தாள்.

கேசட்டைப் போட்டோம். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றாள். எனக்கு இன்னும் அந்த ஒரு நூல் குறைந்தே இருந்தது. கட்டிலை நேராக இழுத்துப் போட்டேன். மாறவில்லை. அப்புறம், செட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். இப்போது வலது ஸ்பீக்கருக்கு என் இடது காது. அப்படியும் கம்மி இடது காதிலேயே நின்றது.

கோளாறு சாமானோடு கூடவே வந்தது. சாமான் நான்தான்.

என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டியில எந்தக் காதுங்க குழிப்பக்கம்?"

"இடதுதான்."

"அப்ப அதயும் மாத்திப் போடுங்க. ஒயர மாத்துனீங்கல்ல?"

லீவு முடிந்து ஏரியூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் வேலை. போனதும் முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"மொதலாளி, இடது காது கொஞ்சம் கொறச்சலுங்க. வலது காத வெச்சுப் பாக்கறேன்."

"ராடு மாட்டுச்சுன்னா என்னய்யா பண்ணுவ?"

"டீசல் கேனு எங்க இருக்குதுன்னு தெரியுமுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, இந்த ஒரு குழி பாரு" என்றார்.

வழக்கமாக நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். வலது கையில் பழகின லீவரை இடது கையில் பிடிக்க வேண்டும். காலையெல்லாம் கை தடுமாறியது, கூட இருந்தவர்கள் பீச்சாங்கை டிரில்லர் என்று கேலி பண்ணினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்கு மேல், கணீர் கணீர் என்று வந்த சத்தம் ஒரு இடத்தில் எச்சில் விழுங்கியது. லீவரைப் பிடித்துவிட்டேன். மெதுவாக, மெதுவாக இறக்கினேன். பறந்த புழுதி அமுங்கி, சேறாகி, பிறகு தண்ணீராக வந்து எல்லோர் மேலும் அடித்தது.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் அந்தப் பக்கமே நில்லு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆயுத பூசைக்குப் பிட்டுக்கு வழக்கம்போல மூக்கு நுனியில் பொட்டு. செட்டுக்கு மேல்மூடியில்தான், அதுவும் அவள் கையால். மிச்சம் இருந்த சந்தனத்தை என்ன பண்ணுவது என்று கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கிட்டே வந்து என் வலது காது மடலில் இழுவிவிட்டுப் போனாள்.