தம்பிக்காக எழுந்து நின்றவர்கள்

எண்பதுகளின் நடுவில் நான் ஐரோப்பிய நகரமான லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தேன். ஊரில் இராணுவம் பிடித்துக்கொண்டுபோன என் தம்பி நேசனைப் பற்றிப் பல மாதங்களாக எந்தத் தகவலும் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் ஹோட்டல் மண்டபத்தில் கச்சேரி. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களும் யூதப் பாடகர்களும் சேர்ந்து பாடினார்கள். கோப்பி கொண்டுபோன எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் கண்ணீர் நிற்காமல் வந்தது. இடைவேளையில் ஒரு கறுப்பினப் பாடகி என்னிடம் வந்து ஏதோ கேட்டார்.

"பிரதர்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"அவன்ர பேரைக் கேக்கிறா, சொல்லு," என்றார் கூட வேலை செய்த குணம் அண்ணை. சொன்னேன். பாடகி போய் ஒரு யூதப் பெரியவரின் காதில் ஏதோ சொன்னார்.

கடைசிப் பாட்டுக்கு மண்டபமே எழுந்து நின்றது. அந்த யூதப் பெரியவர் பெயர்களைச் சொல்லிப் பாட, அந்தப் பாடகி கூடவே மெல்ல முனகினார்.

"செத்தவைக்குப் பாடுகினம்," என்று குணம் அண்ணை சொல்லி முடிக்கவில்லை, பெரியவரின் பாட்டில் "நேசன்" என்று கேட்டது.

"அண்ணை, அவன் சாகேல்லை எண்டு சொல்லுங்கோ!"

"பாட்டுக்கு நடுவில என்னெண்டடா சொல்லுறது?" என்றார் அவர்.

கோப்பித் தட்டோடு அப்படியே நின்றேன். முன்பின் தெரியாத அத்தனை பேரும் என் தம்பிக்காகத் தலைகுனிந்து நின்றார்கள். என்னை அறியாமல் நானும் குனிந்தேன்.

நேசன் திரும்பி வரவேயில்லை. அம்மா கடைசிவரை அவனுக்குக் காரியம் செய்ய விடவில்லை. அவனுக்கென்று நடந்தது அந்தப் பிரார்த்தனை ஒன்றுதான். அன்று அதை நிறுத்த முடியாமல் போனதற்கு அழுவதா, ஆறுதல் கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.