சூசையும் அறுபத்தொன்றாம் நம்பர் கார்டும்

சூசை போய்விட்டான்.

காலையில் அவன் மகள் பெல்சி, கடற்கரை ஊரான இனயத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "மாமா... அப்பா போயிட்டாரு." அவ்வளவுதான்.

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். எழுந்து போய் யாரிடமாவது சொல்லலாம் என்றால் வீட்டில் ஆள் இல்லை... சனிக்கிழமை. மகளும் மருமகனும் மேட்சுக்குப் போயிருக்கிறார்கள்.

இங்கே மெல்பர்னில் சூசையைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. என் பிரெண்ட் லிஸ்டிலும் அநேகமாக யாரும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நானும் அவனும் இனயத்துக்குப் பக்கத்தில் கருங்கல் ஊரில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தோம். ஐம்பத்தைந்தில், நம் ஊர் மதராஸோடு சேர்வதற்கு முந்தின வருஷம். எனக்குப் பத்தொன்பது, அவனுக்கு இருபது. நான் ஈய எழுத்துகளை எடுத்து அச்சு கோர்ப்பேன், அவன் டிரெடில் மெஷின் மிதிப்பான்.

அந்த வருஷம் கடற்கரைப் பக்கம் பெரிய புட்பால் டூர்ணமென்ட். கிளப்பில் மெம்பராகச் சேர்ந்தால் கார்டு உண்டு, கார்டு இருந்தால் கயிற்றுக்கு உள்ளே நம்பர் போட்ட நாற்காலி. வெளியே நின்றால் முன்னால் நிற்பவன் தலைதான் தெரியும்.

பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய நாற்காலி அறுபது. இரணியலில் இருந்தெல்லாம் ஆள் விட்டுக் கேட்டார்கள். வக்கீல், காண்ட்ராக்டர், தோட்ட முதலாளி... நாங்களும் பேர் கொடுத்தோம். "பாப்போம்" என்று லிஸ்டின் அடியில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கார்டுகளை அடிக்கிற வேலை எங்கள் பிரஸ்ஸுக்கே வந்தது.

யோசனை என்னுடையது. அறுபது முடிந்ததும் நானே 61 என்று நம்பர் கோர்த்துக் கொடுத்தேன். சூசை மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"லேய், ஆராவது பிடிச்சா?"

"ஆரு எண்ணப் போறா? நீ மிதி."

மிதித்தான்.

கார்டு ஆச்சு... நாற்காலி? பிரஸ்ஸில் கிடந்த ஸ்டூலைச் சூசை தோளில் தூக்கிக்கொண்டு வந்து கடைசி வரிசை ஓரத்தில் போட்டான். நாற்காலி பத்தாமல் கிளப்காரர்களே போட்டிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கார்டு ஒன்று, ஆள் இரண்டு. முதல் பாதி நான், இரண்டாம் பாதி அவன். மறுநாள் பிரஸ்ஸில் ஒருத்தனுக்கு ஒருத்தன் மீதிக் கதையைச் சொல்வோம். அவன் ஈயத் துண்டுகளை மேஜையில் அடுக்கி, இவன் பேக்கு, இவன் பார்வேர்டு என்று நகர்த்தி நகர்த்திக் காட்டுவான். எத்தனை மேட்ச்... ஒன்றைக்கூடச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில்லை.

பைனல் அன்று கூட்டம் தாங்கவில்லை. மெம்பர் ஒருவர் தன் மச்சினனுக்கு இடம் கேட்டுச் சத்தம் போட, செக்ரட்டரி ஒவ்வொரு நாற்காலியாக எண்ணிக்கொண்டே வந்தார். முதல் பாதி. ஸ்டூலில் நான்.

"இது ஆருக்க ஸ்டூல்?" கார்டை வாங்கிப் பார்த்தார். "நாங்க அறுபதுதானே அடிக்கச் சொன்னோம்?"

நான் கயிற்றுப் பக்கம் பார்த்தேன்.

கயிற்றுக்கு வெளியே நின்ற சூசை குனிந்து உள்ளே வந்தான். "சாரே, அது எனக்க வேலை. நான்தான் அடிச்சு இவனுக்குக் குடுத்தேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை.

"பாவம், பய ஏமாந்திட்டான். இருந்துட்டுப் போட்டும்" என்றார் செக்ரட்டரி. சூசையை இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் இரண்டு பாதியும் பார்த்தேன். கோல் விழுந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்...

திங்கட்கிழமை முதலாளி அவனை நிறுத்திவிட்டார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுக்க வந்தான்.

"நான் இப்பப் போயி முதலாளிகிட்ட உள்ளதச் சொல்லிடுகேன் டே."

"சும்ம கிட. உனக்கு வீட்டுல அம்மையும் ரெண்டு தங்கச்சியும் உண்டு. எனக்குக் கடலு உண்டு." சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். "அது போட்டும். ரெண்டாம் பாதி எப்படி? சொல்லு."

சொன்னேன். வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு இனயத்துக்கு நடந்து போனான். மறுவாரமே அவன் அப்பாவோடு வள்ளத்தில் ஏறினான். பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் கடல்தான்.

கல்யாண வீடுகளில் பார்ப்போம், பேசுவோம். அந்தப் பேச்சை மட்டும் அவன் எடுத்ததே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் மருமகன் என்னை இங்கே ஒரு புட்பால் மேட்சுக்குக் கூட்டிப்போனார். வந்ததும் சூசைக்குப் போன் போட்டேன். பந்து முட்டை மாதிரி இருக்கும், கையில் பிடித்துக்கொண்டு ஓடுவான் என்றேன். "பின்ன அதை என்னத்துக்கு புட்பால்னு சொல்லுகான்?" என்று கேட்டான்.

மேட்ச் ஆடின அந்தக் கிளப்பில் மெம்பர் ஆகி சீட் கிடைக்க வருஷக்கணக்கில் வெயிட்டிங் லிஸ்ட், மருமகன் இன்னும் அதில்தான் நிற்கிறார் என்றேன்.

எத்தனை வருஷம் என்று கேட்டான். அப்புறம், "நீ அங்க ஒரு பிரஸ்ஸு வச்சிரு மக்கா!"

இருமல் வரும்வரை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சூசை, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பெல்சி கஞ்சிக்கு விளிக்கா. வைக்கட்டா?" வைத்துவிட்டான்.

திருட்டுக் கார்டு அடித்து வேலை போனவன் என்று சூசையைப் பற்றி யாராவது பெல்சியிடம் சொல்லியிருக்கலாம். நம்பர் கோர்த்தது நான், பெல்சி. அடிக்கச் சொன்னதும் நான். உன் அப்பா எனக்காகச் சொன்ன பொய் அது.

அடக்கம் அங்கே மூன்று மணிக்காம், பெல்சி மறுபடி மெசேஜ் போட்டிருக்கிறாள். வீடியோ கால் போடுகிறேன் என்றிருக்கிறாள். போனை சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பைய போ, மக்கா.