அனுப்பினவன்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சாமுவேல் சூப்பர்வைசர். வியாழக்கிழமை மாலைகளில் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வேதத்தை விளக்குகிறவர் அவர்தான். யாருக்குக் கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்பார் என்று பெயர்.

சில வருஷங்களுக்கு முன் டேனரியின் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள். சாமுவேல் தன் கீழ் வேலை செய்த இன்பராஜை உள்ளே இறங்கச் சொன்னார். அவன் தயங்கினான், ரெண்டு நிமிஷ வேலைதான் என்றார். இன்பராஜைப் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

விசாரணையில் சாமுவேல், தான் தடுத்தும் கேட்காமல் அவனாக இறங்கிவிட்டான் என்றார். முதலில் பயத்தில் சொன்னதுதான். போலீஸிடம், முதலாளியிடம், சொந்த மனைவியிடம் என்று சொல்லிச் சொல்லி, தடுக்க அவன் கையைப் பிடித்து இழுத்ததுகூட அவருக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. இன்பராஜின் மனைவி நிஷாவுக்கு அதே கம்பெனியின் ஷூ யூனிட்டில் வேலை வாங்கிக் கொடுத்தார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நன்மைதான் அவர் நினைவுக்கு வரும்.

இந்த லெந்து தவக்காலத்தில் ஒரு கூட்டம் நிஷா வீட்டில் நடந்தது. அன்றைக்குத் தாவீது ராஜாவின் கதை. தன் படைவீரன் ஊரியாவின் மனைவிமேல் ஆசைப்பட்டு, அவனைப் போர்முனைக்கு அனுப்பிச் சாகடித்தவர் தாவீது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட பணக்காரனின் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, அது தன் கதைதான் என்று தெரியாமல் தாவீது அந்தப் பணக்காரன்மேல் கோபப்பட்டார். ஒரு மனுஷனுக்கு இப்படியுமா கண் மறைக்கும் என்று சாமுவேல் வியந்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த நிஷா கேட்டாள். "ராஜா அரண்மனையிலதான இருந்தாரு? அவரு கையால ஒண்ணும் செய்யலியேண்ணா."

"சாவுன்னு தெரிஞ்ச எடத்துக்கு அனுப்பினவன்தாம்மா கொலகாரன்" என்றார் சாமுவேல் சூடாக.

சொன்ன பிறகு அவருக்குத் தொட்டி விளிம்பில் நின்று தன்னைத் திரும்பிப் பார்த்த இன்பராஜின் முகம் ஞாபகம் வந்தது. கையைப் பிடித்து இழுத்தது வரவில்லை.

எல்லோரும் போனபின் நிஷாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். போலீஸிலும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். அவள் டீ டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்ணா. கூட வேல செஞ்சவங்க அன்னிக்கே சொல்ட்டாங்க."

கம்பெனிமேல் தப்பில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனக்கு அந்த வேலை வந்தது என்றாள்.

"இப்ப நீங்க வாயத் தொறந்தா என் வேல போய்டும். பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. உங்க மனசு லேசாவணும்னு எங்க சோத்துல மண்ணப் போடாதீங்க."

மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். அவள் டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள்.

வேதத்தை விளக்கத் தனக்குத் தகுதியில்லை என்று சாமுவேல் போதகரிடம் சொல்லிப் பார்த்தார். காரணம் கேட்டபோது சொல்ல முடியவில்லை. போதகர் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனையில் சபை முழுக்கக் கேட்கும்படி அவரைப் பாராட்டினார்.

அடுத்த வியாழன் கூட்டத்துக்கு நிஷாவும் வந்திருந்தாள். சாமுவேல் வேதத்தைத் திறந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"ஆரம்பிங்கண்ணா" என்றாள் நிஷா.

அவர் வாசிக்க ஆரம்பித்தார்.