எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

ஃபாரம் அண்ணனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயதில் நான் அவரைவிட இரண்டு வருஷம் மூத்தவன். ஆனாலும் அவர் எனக்கும் அண்ணன்தான். லாண்டரியில் வேலை செய்கிற முப்பது தமிழ் ஆட்களுக்கும் அண்ணன்தான். என்னை மட்டும் அவர் ‘பெருசு’ என்று கூப்பிடுவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சண்டை போட்டும் பார்த்தேன். “சரி பெருசு, இனிமே அப்படிக் கூப்பிடல” என்பார். அந்த ஆளை என்ன செய்வது?

ஊரில் அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். நகல் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து, கடையைக் கோட்டை விட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுக்கு, இந்த லாண்டரிக்கு வந்து சேர்ந்தார். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். அவற்றைத் துவைத்து, இஸ்திரி உருளையில் விட்டு, மடித்து, தள்ளுவண்டியில் அடுக்கித் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. அண்ணன் துவைக்கிற பகுதியில் தொடங்கி, கடைசியில் லோடு அனுப்புகிற மேடைக்கு வந்தார். நான் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருப்பவன்.

இந்த நாட்டு மொழியை அவர் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. சலவை மருந்து கேன்களில் ஒட்டியிருக்கும் தாளையும், டிவியில் வரும் வானிலையையும் வைத்தே கற்றுக்கொண்டார். அதனால் முதல் வருஷம் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ‘ஆபத்து’, ‘கண்ணில் படக்கூடாது’, ‘நாளை மேகமூட்டம்’ இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் இரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒருவர் வந்து இறங்கினால் அண்ணன் விடமாட்டார். பெட்டியைக் கீழே வைக்குமுன் ஆரம்பித்துவிடுவார். “பாஸ்போர்ட்ட யாருகிட்டயும் குடுக்காத. ஏஜென்ட் கேட்டா நகலைக் குடு. முதல் பக்கத்த போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பு. இந்த வீட்டு விலாசத்த இந்த ஊர்ப் பாஷையில சொல்லு பாப்போம். தப்பு. திருப்பிச் சொல்லு.” பயணக் களைப்பில் அந்த ஆள் தூங்கி விழுவார். அண்ணன் அவரை எழுப்பி நிறுத்தி, பின்படி எங்கே இருக்கிறது, காஸை எங்கே மூடுவது என்று காட்டிவிட்டுத்தான் சாப்பாடு போடுவார். சமையலறைக் கூரையில் இருக்கும் புகை மணிக்கு நாங்கள் பிளாஸ்டிக் பை கட்டி வைத்திருந்தோம், மிளகாய் வறுத்தாலே ஊரைக் கூட்டுகிறது என்று. பார்த்த அன்றே அந்தப் பையைப் பிய்த்து எறிந்தவர் அவர்.

ஃபாரம் நிரப்புவதும் அவர் வேலைதான். எங்கள் கம்பெனி ஃபாரத்தில் ‘அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்’ என்று ஒரு வரி உண்டு. இந்த நாட்டு நம்பருக்கு எத்தனை இலக்கமோ அத்தனை கட்டம்தான் அதில் இருக்கும். ஊர் நம்பர் அதற்குள் அடங்காது. இங்கே யாருக்கு யார் இருக்கிறார்கள்? “என் நம்பரப் போட்டுடு” என்பார் அண்ணன். முப்பது பேர் ஃபாரத்திலும் அவர் நம்பர்தான். யாருக்குக் கை நசுங்கினாலும், காய்ச்சல் வந்தாலும் அவருக்குத்தான் மணி அடிக்கும்.

அந்த வரிக்குக் கீழே உடம்பு பற்றிய கேள்விகள் வரும். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பதினான்கு கேள்விகள். இதில் மட்டும் அண்ணன் படித்தே பார்க்கமாட்டார். மேலிருந்து கீழே வரை எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போவார். அவர் வந்த புதிதில் ஒருவர் ஆஸ்துமா உண்டு என்று உண்மையை எழுதினாராம். நாலே நாளில் டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். “உண்மைய ஊருக்குப் போய்ச் சொல்லிக்கலாம். இங்க எல்லாரும் இரும்பு” என்பார். நாங்களும் தலையாட்டுவோம்.

போன மாதம் ஒரு நாள், பகல் பதினொன்றரை மணி இருக்கும். லோடு மேடையில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் சிக்கிக்கொண்டது. அண்ணன் பிடித்து இழுத்திருக்கிறார். வண்டி சட்டென்று விடுபட்டு அவரைப் பின்னால் தள்ளிவிட, மேடையிலிருந்து விழுந்து, தலை சிமென்ட் தரையில் மோதியது. ரத்தம்கூட அதிகம் வரவில்லை. நான் ஓடிப் போனபோது உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார். “ஒண்ணுமில்ல பெருசு. நாளை மேகமூட்டம்” என்று சிரித்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது அவருக்குப் பேச்சு குழறியது. வண்டி பாதி வழி போவதற்குள் கண் சொருகிவிட்டது. நான் கத்திக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தேன். எங்கள் கம்பெனி ஆபீஸ் பெண்.

“உங்களோட ஆள் ஒருத்தருக்கு விபத்து. அவசரத்துக்கு உங்க நம்பர்தான் குடுத்திருக்காரு. நீங்க அவருக்கு என்ன உறவு?” என்று இந்த ஊர் மொழியில் கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகுதான் உறைத்தது. மனுஷன் தன் ஃபாரத்திலும் தன் நம்பரையே போட்டிருக்கிறார்! முப்பது பேருக்கு அவர் இருந்தார். அவருக்கென்று எழுத எங்களில் ஒருவர் பெயர்கூட அவருக்குத் தோன்றவில்லையா, இல்லை, நாங்கள்தான் ஒரு நாளும் “என் நம்பரப் போடுங்கண்ணே” என்று சொல்லவில்லையா? சொல்லவில்லை. அதுதான் நிஜம்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். “சர்க்கரை உண்டா? ரத்த அழுத்தம்? தினமும் ஏதாவது மாத்திரை?” எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதானே. இல்லை, இல்லை, இல்லை. நான் யோசிக்கவே இல்லை. கேட்கிற வேகத்தைவிட வேகமாகச் சொன்னேன். அவள் டிக் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணனின் சட்டை, பேன்ட், செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலை வெடித்துவிடும்போல் வலித்தது. பைக்குள் அவருடைய தைல டப்பா தெரிந்தது. நெற்றியில் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம் என்று திறந்தேன். தைலம் இல்லை. உள்ளே சின்னச் சின்ன மாத்திரைகள், பதினைந்து இருபது. அட்டையிலிருந்து பிரித்து எடுத்தவை. எதிலும் பெயர் இல்லை.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அந்த நர்ஸைப் பிடித்து, “நான் பொய் சொல்லிட்டேன், பொய் சொல்லிட்டேன்” என்றேன். தமிழிலா அவர்கள் மொழியிலா என்பதுகூட ஞாபகம் இல்லை. டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. டாக்டரைக் கூட்டி வந்தாள்.

டாக்டர் நிதானமாக, எனக்குப் புரிகிற சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னார். மண்டைக்குள் ரத்தம் கசிகிறது. திறந்து எடுக்க வேண்டும். இது ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை என்றால், அப்படியே திறந்தால் ரத்தம் நிற்காது. அதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம், நேரமாகும். பெயர் தெரிந்தால் உடனே ஆரம்பிக்கலாம்.

பெயருக்கு நான் எங்கே போவேன்? ஆபீசுக்குப் போன் போட்டேன். ஊர் விலாசம் இருக்கிறது, நம்பர் இல்லை என்றாள் அந்தப் பெண். எங்கள் வீட்டில் இருக்கும் மற்ற நாலு பேருக்கும் ஒவ்வொருவராகப் போட்டேன். “அண்ணி நம்பரா? அண்ணன்கிட்டதானே எல்லார் நம்பரும் இருக்கும்” என்றார் அவர்களில் ஒருவரான டிரைவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கண்டபடி ஏசிவிட்டேன். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம். என் மூத்த பெண் எத்தனையாவது படிக்கிறாள் என்பது அண்ணனுக்குத் தெரியும். அவர் மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

அவர் போனில் தேடலாம் என்றால் பூட்டு. டாக்டரிடம் கெஞ்சி, உள்ளே போய் அவர் விரலை வைத்துப் பார்த்தேன். சலவைக் காரத்தில் எங்களுக்கெல்லாம் ரேகை தேய்ந்து வழுவழுவென்று போய்விட்டது. எந்தப் போனும் எங்கள் விரலை ஒத்துக்கொள்ளாது. அது தெரிந்தும் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். தினமும் ஒன்றேகால் மணிக்கு, எங்கள் சாப்பாட்டு நேரத்தில், அண்ணி கூப்பிடுவார். பூட்டு இருந்தாலும் வருகிற அழைப்பை எடுக்கலாம். அப்போது மணி ஒன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். பேட்டரி பதினொரு சதவீதம். ஒன்றேகால் ஆனது. ஒன்று பதினெட்டு ஆனது. சாமி மேல் பாரத்தைப் போடுவது என்பார்கள். நான் பாரத்தைப் போடவில்லை, சண்டைதான் போட்டேன்.

ஒன்று இருபதுக்கு அடித்தது.

“என்னங்க, சாப்பிட்டாச்சா?”

“அண்ணி, நான் அவர்கூட இருக்கறவன். பெருசு பேசறேன்” என்றேன். என் வாயாலேயே அந்தப் பெயரைச் சொன்னேன்.

“அவரு எங்க?”

“அண்ணி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. தைல டப்பாவுல மாத்திரை வெச்சிருக்காரே, அது என்ன மாத்திரை? பேரு வேணும். டாக்டர் நிக்கறாரு.”

“இருங்க. டாக்டர் சீட்டு போட்டோ என் போன்லயே இருக்கு” என்றார். பிறகு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் உள்ளங்கையில் எழுதினேன். “திருப்பிச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தினார். “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. காலையில எட்டு மணிக்குப் போட்டிருப்பாரு. போன லீவுல கால்ல ரத்தம் கட்டிக்கிச்சு. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுன்னாங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல.”

நான் உள்ளங்கையை டாக்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு உள்ளே ஓடினார்.

“குடுத்துட்டீங்களா?” என்றார் அண்ணி.

“குடுத்துட்டேன்.”

“இப்பச் சொல்லுங்க. உயிரோட இருக்காரா?”

இருக்கிறார் என்று சொல்லிவிட்டு நான் அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில், ஆஸ்பத்திரி நடையில், நாலு பேர் பார்க்க அழுதேன். அந்த அம்மாள்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் அண்ணன் கண்ணைத் திறந்து பேசினார். “ஃபாரத்துல என்ன எழுதின, பெருசு?” என்பதுதான் முதல் கேள்வி.

“உண்மையத்தான் எழுதினேன். என்ன இப்போ?”

“போச்சு” என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் சொன்னபடியே போயிற்று. மாத்திரை விஷயம் ஆஸ்பத்திரி வழியாகக் கம்பெனிக்கும் போய், உடம்பு தேறியதும் ஊருக்கு அனுப்புவதாகக் கடிதம் வந்துவிட்டது. அவர் வேலையை நான்தான் கெடுத்தேன். இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் கெடுப்பேன். ஆனால் அதற்காக எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லமாட்டேன். அவர் வீட்டுக்கு இனி யார் பணம் அனுப்புவது?

அடுத்த விடுமுறை நாள் மதியம் நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

“எனக்குச் சர்க்கரை இருக்கு. ஆறு வருஷமா” என்றேன். “மாத்திரை என் ஷூவுக்குள்ள இருக்கு. மயங்கி விழுந்தா அதைச் சொல்லுங்க.”

பிறகு டிரைவர், தனக்கு இடது காது அறவே கேட்காது என்றார். கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறவர் கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு, “எனக்கு மூலம்” என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். பாய்லர் பார்க்கிறவர், “எனக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லப்பா. சொன்னா நம்புங்க” என்று சத்தியம் செய்தார்.

மிச்சம் இருந்தது ரேடியோ. மடிக்கிற பிரிவு. சில ராத்திரிகளில் தூங்காமல் மேல் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பாடிக்கொண்டே இருப்பார். அதனால்தான் அந்தப் பெயர். கீழ்க் கட்டில் என்னுடையது. தூக்கம் கெடுகிறதென்று அவர்மீது தலையணையை எறிந்திருக்கிறேன், செருப்பைக்கூட எறிந்திருக்கிறேன்.

“எனக்கு வலிப்பு வரும்ணே” என்றார் ரேடியோ. “வரப் போகுதுன்னா முன்னாடியே கொஞ்சம் தெரியும். தூங்கிட்டா மேலேர்ந்து விழுந்துடுவேனோன்னு பயம். அதான் உக்காந்து பாடுவேன்.”

பாதிச் சோற்றோடு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, என் மெத்தையைச் சுருட்டினேன்.

“என்னண்ணே பண்றீங்க? உங்க முட்டிக்கு ஏணி ஆகாதுண்ணே.”

“வாய மூடிட்டு உன் மெத்தைய இறக்குடா” என்றேன்.