கருணைக்கிழங்குக்கு ஆங்கிலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் சேலத்தை ஒட்டிய ஒரு ரயில் நிலையத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருப்பு சூரமங்கலத்தில். நிலையத்தில் பயணிகள் சாப்பிடும் அறையில் ஒரு புகார்ப் புத்தகம் இருந்தது. அதில் தமிழில் எழுதப்படுவதை ஆங்கிலமாக்கி, வெள்ளைக்கார மேலதிகாரியின் மேஜையில் வைப்பதும் என் வேலை. வேறு எந்த வேலையும் என்னை அப்படி வதைத்ததில்லை.

சரக்கு, தாமதம், தொலைந்த மூட்டை என்றால் எனக்கு ஆங்கிலம் தங்குதடையில்லாமல் வரும். நாக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடும். மோர் புளித்தாலும் 'சவர்', மாங்காய் புளித்தாலும் 'சவர்', முந்தின நாள் மாவு புளித்தாலும் அதே 'சவர்'தான். காரம் தாங்கவில்லை என்று ஒருவர் எழுதியதற்கு 'குழம்பு ஹாட்' என்று எழுதினேன். 'சூடாகப் பரிமாறினால் குற்றமா?' என்று சிவப்பு மையில் கேள்வி வந்தது. வாழைப்பூவின் துவர்ப்புக்கு அகராதியைப் புரட்டி ஒரு சொல் கண்டுபிடித்தேன். அது மருந்துக்கடைச் சொல் என்று அதிகாரி அடித்துவிட்டார்.

ஒருநாள் ஜலகண்டாபுரத்துச் சேலை வியாபாரி ஒருவர் இப்படி எழுதிவிட்டுப் போயிருந்தார்: 'கருணைக்கிழங்கு மசியல் காறுகிறது. நாக்கும் தொண்டையும் அரிக்கின்றன.'

எந்த வீட்டிலும் நடப்பதுதான். புளி குறைந்தால் கருணை காறும். ஆனால் அந்தக் 'காறுகிறது'க்கு முன்னால் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கசப்பு இல்லை, காரம் இல்லை, கெட்டுப்போனதும் இல்லை. எனக்குத் தெரிந்த சொல் ஒவ்வொன்றையும் எழுதி எழுதி அடித்தேன். கடைசியில், அரிப்பையாவது சொல்லிவிடுவோம் என்று, உணவினால் 'இட்சிங்' உண்டாகிறது என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் சமையல்காரரை அடுப்படியில் காணவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், பல வருஷமாக அங்கே சமைத்து வந்தவர். அவருக்குச் சொறி சிரங்கு என்றும், அது சாப்பாட்டில் ஒட்டிவிட்டது என்றும் அதிகாரி முடிவு கட்டி, வேலையை நிறுத்தி டாக்டரிடம் அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அவர் என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க, எனக்குச் சொறின்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமா?"

"இல்லீங்க. கருணை காறுதுன்னுதான் எழுதப் பாத்தேன்."

"காறுச்சுதுங்க, நான் இல்லைங்கல. கெழங்கு புதுசு, புளியும் பத்தல. அதை அப்படியே சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே?"

"இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்தை இல்லீங்க."

"அவங்க ஊர்ல கெழங்கே திங்க மாட்டாங்களா?"

"திங்கறாங்க. உருளைக்கிழங்கு. அது காறாது."

"வார்த்தை இல்லாட்டி உட்டுப்போட்டிருக்கலாமுங்க. நாலு பேரு முன்னால சட்டையக் கழட்டச் சொல்லிப்போட்டாங்க."

அவர் போன பிறகு அதிகாரியிடம் போய், அரிப்பு மனிதனுக்கு இல்லை, கிழங்குக்கு என்று விளக்கினேன்.

"கிழங்கு எப்படி அரிக்கும்?" என்றார். "ஒன்று அந்த ஆளுக்கு அரிக்க வேண்டும். இல்லையென்றால் உமது ஆங்கிலத்தில் கோளாறு."

மறுநாள் காலை சந்தையில் ஒரு கருணைக்கிழங்கு வாங்கி, தோல் சீவி, ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். நாக்கில் தொட்டுப் பாருங்கள் என்றேன். சிரித்துவிட்டுக் கோப்பைப் பிரித்தார். எனக்கு வந்த எரிச்சலில் அந்தத் துண்டை நானே வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

சிறிது நேரத்தில் நாக்கு தடித்துவிட்டது. தொண்டையில் ஆயிரம் ஊசி. கண்ணில் நீர், வாயில் எச்சில். அதிகாரி எழுந்து நின்று பதறிப்போய், "எப்படி இருக்கிறது? என்ன செய்கிறது? சொல்லும்," என்றார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு ருசி எப்படி இருக்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். என்னால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.

அவரே எழுதிக்கொண்டார். கருணைக்கிழங்கு விஷம், இனி இந்தச் சமையலறைக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். சமையல்காரர்மீது குற்றமில்லை என்றும் அதிலேயே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக மற்றதை நான் மறுத்துச் சொல்லவில்லை. அடுத்த வாரமே புகார்ப் புத்தகத்தில், ஏன் இப்போது கருணை மசியல் போடுவதில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

சமையல்காரர் வேலைக்குத் திரும்பினார். வெகு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது ரசம் ஊற்றிவிட்டு நின்றார்.

"உப்புக் கம்மியா இருந்தா எழுதிப்போடாதீங்க," என்றார். "எங்கிட்டச் சொல்லுங்க. நானே வாயில ஊத்திப் பாத்துக்கறனுங்க."

உப்பு கம்மிதான். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.