வலப்பக்கம் கூப்பிட்ட பச்சைக்காலி

2025 மார்ச் 6, வியாழக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன், பால் காய்ச்சினேன், இட்லிக்கு ஊற்றி வைத்தேன். 6.40க்கு ஜெயசீலனிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பறவை நோக்கும் குழுவுக்கு வழிகாட்டி அவர்தான். வழக்கம்போல் கைப்பேசியை வலக் காதில் வைத்தேன். குரல் வரவில்லை. சிக்னல் இல்லை என்று மொட்டை மாடிக்குப் போனேன். அங்கும் வரவில்லை. கை வலித்ததால் இடக் காதுக்கு மாற்றினேன். "அக்கா, லைன்ல இருக்கீங்களா, இல்லியா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வலக் காதுக்குள் ஈரத்துணியைத் திணித்தாற்போல் இருந்தது. அதற்குப் பின்னால் மெல்லிய சீழ்க்கை ஒன்று நிற்காமல் ஒலித்தது. வலி இல்லை, சளி இல்லை. நாட்குறிப்பில் "வ. காது அடைப்பு, 6.40 முதல்" என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனேன். விதைப் பரிசோதனை நிலையத்தில் முளைத்த விதைகளை எண்ணுவது என் வேலை. அன்றும் எண்ணினேன்.

நேரம், தேதி என்று இத்தனை விவரமாக எழுதக் காரணம் உண்டு. பின்னர் என் மருத்துவக் குறிப்பில் "நோயாளி தாமதமாக வந்தார்" என்று எழுதினார்கள். நான் தாமதமாகப் போகவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது இன்று காலை ஒரு காது திடீரென்று அடைத்திருக்கலாம். அவர் முழுவதும் படிக்க வேண்டும்.

அன்று மாலை என் கணவர் சேகர் வைத்தியம் சொன்னார். "தலைக்கு ஊத்திக்கினப்போ தண்ணி பூந்திருக்கும். ஒத்தக் கால்ல குதி, வந்துடும்." குதித்தேன். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி. விழுப்புரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் விளக்கடித்துப் பார்த்தார். வலக் காதில் கொஞ்சம் குறும்பி (காதில் தானே சேரும் அழுக்கு) இருந்தது. அது உண்மைதான்.

"அழுக்குதாங்க. சொட்டு மருந்து அஞ்சு நாள் விடச் சொல்லுங்க, கரைஞ்சிடும்" என்றார், என் கணவரைப் பார்த்து.

"கொஞ்சம் கொஞ்சமா அடைக்கல டாக்டர். நேத்து காலையில திடீர்னு. உள்ள சத்தம் வேற கேட்டுக்கினே இருக்கு" என்றேன்.

"அழுக்கு இருந்தா சத்தம் கேக்கத்தான் செய்யும்" என்று மறுபடியும் என் கணவரிடமே சொன்னார். "ரொம்ப யோசிப்பாங்களோ?"

"எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கினே இருக்கும் சார்" என்றார் என் கணவர். இருவரும் சிரித்தார்கள்.

என் தவறையும் எழுதிவிடுகிறேன். அன்று நாட்குறிப்பில் "குறும்பி. ஐந்து நாள்" என்று எழுதினேன். அதன் பிறகு காதைப் பற்றி எதையும் கவனித்து எழுதவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை என் காதைவிட அதிகமாக நம்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்பும் காலம். அந்த வாரங்களில் நாங்கள் திண்டிவனத்தில் விடியும் முன் கூடி, வேனில் கழுவெளி ஏரிக்குப் போவோம். தண்ணீர் வற்றி, சேறும் ஆழமில்லாத நீரும் மட்டும் இருக்கும். நீண்ட பயணத்துக்கு முன் பறவைகள் அங்கேதான் தின்று கொழுக்கின்றன.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் யாரும் பேசக் கூடாது, கையை உயர்த்தக் கூடாது. இரண்டுமே பறவைகளைக் கிளப்பிவிடும். கணக்கெடுப்பவர் வரிசையில் முதலில் நடப்பார். பறவைகள் எழும்புவதற்குள் எண்ணியாக வேண்டும் அல்லவா. வழிகாட்டி கடைசியில் நடப்பார், அங்கிருந்துதான் எல்லோரையும் பார்க்க முடியும். அவர் நாக்கால் ஒரு முறை சொடுக்கினால் நிற்க வேண்டும், இரண்டு முறை சொடுக்கினால் உட்கார வேண்டும். மூன்று ஆண்டுகளாகக் கணக்கெடுப்பவள் நான்தான்.

அன்று காற்று இடப்பக்கமிருந்து வீசியது. என் நல்ல காதில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. ஜெயசீலன் சொடுக்கினார். எல்லோரும் நின்றார்கள். நான் நடந்தேன். இரண்டு முறை சொடுக்கினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் நடந்தேன். நாணல் திருப்பத்தைத் தாண்டியதும் கருவால் மூக்கன்களின் (நீண்ட அலகுள்ள வலசைப் பறவைகள்) பெருங்கூட்டம் ஒரே வீச்சில் எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி, ஏரியின் மறுகரையையும் கடந்து போய்விட்டது. ஒன்றைக்கூட எண்ணியிருக்கவில்லை.

ஜெயசீலன் ஓடி வந்தார். "இன்னாக்கா இது? கெளம்புற நேரத்துல தின்னுக்கினு இருக்குதுங்க. எழுப்பி வுட்டுட்டீங்களே. எத்தினி வாட்டி சொடுக்கறது?"

வளவனூரிலிருந்து வரும் தண்டபாணி, ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், பின்னாலிருந்து சொன்னார்: "கண்ணுல பைனாகுலர மாட்டிக்கினா காது அவிஞ்சிடுமா மேடம்?"

சிலர் சிரித்தார்கள். "காதில் அழுக்கு, ஐந்து நாளில் சரியாகிவிடும்" என்று நான் சொல்லவில்லை. ஐந்து நாளில் சரியாகப் போகிற ஒன்றைச் சாக்காகச் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் கணக்கெடுப்பை வேறொருவர் செய்வார் என்று அன்று மாலை வாட்ஸ்அப்பில் வந்தது.

மார்ச் 13, வியாழன். சொட்டு மருந்து முந்தின நாளே தீர்ந்திருந்தது. கேட்கவில்லை. அதே மருத்துவரிடம் போனோம். குறும்பியை உறிஞ்சி எடுத்தார். காது சுத்தமாகிவிட்டது. அப்போதும் கேட்கவில்லை என்றேன்.

"வீக்கம் இருக்கும். இன்னொரு பத்து நாள் மாத்திரை போடட்டும்" என்று என் கணவரிடம் சொன்னார். பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்தார். "வயசாவுதில்லம்மா? டென்ஷனைக் குறைங்க."

அழுக்குதான் காரணம் என்றால், அழுக்கை எடுத்ததும் கேட்டிருக்க வேண்டும். முளைக்காத விதைக்கு ஈரம் காரணமென்று சொல்லி, ஈரத்தைச் சரிசெய்தும் முளைக்காவிட்டால் வேறு காரணம் தேடுவோம். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அவர் தேடவில்லை. நானும் அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு. வரிசையின் கடைசியில், ஜெயசீலனுக்கு முன்னால் நடந்தேன். எங்கேயோ பச்சைக்காலி (சேற்றில் இரை தேடும் வலசைப் பறவை) ஒன்று மூன்று முறை கூப்பிட்டது. தெளிவாகக் கேட்டது. எந்தச் சந்தேகமும் இல்லாமல் இடப்பக்கம் திரும்பினேன். நிமிர்ந்து பார்த்தால், மொத்த வரிசையும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெயசீலன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனுக்குத் திரும்பும் வழியில் என் வலப்பக்கம் வந்து ஏதோ சொல்லியிருக்கிறார். நான் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு முன்னால் வந்து நின்றார்.

"உங்கள இப்ப மூணு வாட்டி கூப்பிட்டேங்கா."

"காதுல அழுக்குன்னு சொன்னாங்க, ஜெயசீலன்."

"அழுக்கு இல்ல இது. எங்க அண்ணனுக்குச் சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து ஒரு காது போச்சு. எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் இன்னொரு பக்கந்தான் திரும்பும். நீங்க இன்னிக்கு அப்பிடித்தான் திரும்பினீங்க. நாளைக்கே வேற டாக்டரப் பாருங்க. ஜல்தி போங்க, தள்ளிப் போடாதீங்க." பிறகு, "போன வாரம் கத்திட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்.

மருத்துவம் படிக்காத ஒருவர், நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்பதை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்தார். படித்தவர் இரண்டு முறை காதுக்குள் பார்த்தார்.

மார்ச் 17, திங்கள். வேறொரு மருத்துவமனை. அங்கே ஒரு பெண் மருத்துவர் முதலில் விளக்கை எடுக்கவில்லை, இசைக்கவையை (தட்டினால் ஒரே சுரத்தில் அதிரும் இரண்டு கிளைக் கம்பி) எடுத்தார். தட்டி, என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"இடது."

அவர் முகம் மாறியது. "என்னிக்கிருந்து இப்படி?"

நாட்குறிப்பைத் திறந்து காட்டினேன்.

அவர் விளக்கியதை எளிமையாக எழுதுகிறேன். அழுக்கோ சளியோ அடைத்திருந்தால், நெற்றியில் வைத்த ஒலி அடைத்த காதிலேயே பலமாகக் கேட்கும். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல காதுக்குப் போய்விடும். கவை இல்லாவிட்டால், வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அது நல்ல காதில்தான் கேட்கிறது என்றால், காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய் அதைச் சொல்லுங்கள். வேறு எப்படிக் கேட்டாலும் திடீரென்று காது போனால் போகத்தான் வேண்டும்.

ஆடியோகிராம் (எந்தச் சுரம் எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்ற வரைபடம்) எடுத்தார்கள். இடக் காதின் கோடு மேலே நேராகப் போனது. வலக் காதின் கோடு தாளின் அடியில் கிடந்தது. திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு (உட்செவியோ அதன் நரம்போ ஓரிரு நாளில் செயலிழப்பது) என்றார். ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் வலுவான மருந்து) எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு வாரங்கள் மிக முக்கியம் என்றார். அன்று எனக்குப் பன்னிரண்டாம் நாள்.

மாத்திரைகள் தொடங்கின. முகம் உப்பியது. தூக்கம் போனது. சர்க்கரை ஏறுகிறதா என்று அடிக்கடி சோதித்தார்கள். என் கணவர் சமையலைத் தானாகவே எடுத்துக்கொண்டார். ஒருநாள் குழம்பைக் கிளறிக்கொண்டே, "அன்னிக்கு நானும் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். இரண்டு நாள் கழித்துச் சொன்னேன்: "ஆமா."

மாத்திரையால் பெரிய பலன் இல்லை. பிறகு வாரம் ஒன்றாக நான்கு ஊசிகள். காதை மரத்துப்போகச் செய்து, செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் மருந்தைச் செலுத்துவார்கள். அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. மருந்து தொண்டைக்கு இறங்கிவிடுமாம். எச்சிலை விழுங்காமல் படுத்திருந்த அந்த அரை மணிகளில், சொட்டு மருந்தோடு போன நாட்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். கோபத்தில் தொண்டை தானாக விழுங்கப் பார்க்கும். அதையும் அடக்க வேண்டியிருந்தது.

இடையில் ஏப்ரல் 6 அன்று மட்டும் கழுவெளிக்குப் போனேன். விஷயம் அதற்குள் குழுவுக்குத் தெரிந்திருந்தது. தண்டபாணி என் நல்ல காது இருக்கும் இடப்பக்கம் வந்து நின்றார். "மன்னிப்புக் கேக்கல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இந்தப் பக்கம் நான் நடந்துக்கினு வர்றேன். நிக்கணும்னா தோளத் தொடுறேன். நீங்க எண்ணுங்க" என்றார். எண்ணினேன். மூக்கன்கள் பெரும்பாலும் கிளம்பியிருந்தன.

ஏப்ரல் 28, திங்கள். கடைசி ஆடியோகிராம். கீழ்ச்சுரங்கள் ஓரளவு திரும்பியிருந்தன. மேல்சுரங்கள் திரும்பவில்லை. இனித் திரும்புவது கடினம் என்றார் மருத்துவர். சிகிச்சைச் சுருக்கத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில்தான் அந்த வரி இருந்தது: நோயாளி தாமதமாக, பன்னிரண்டாம் நாளில் வந்தார்.

"நான் ரெண்டாம் நாளே டாக்டர்கிட்ட போயிட்டேன்" என்றேன், அந்தப் பெண் மருத்துவரிடம்.

"எங்ககிட்ட வந்த நாளத்தாங்க நாங்க போடுவோம். ஃபார்மட் அப்படி."

"அப்போ 'இங்க வந்தது பன்னிரண்டாம் நாள்'னு போடுங்க. 'தாமதமா'ங்கறது யார் பண்ணது?"

முதல் மருத்துவரின் இரண்டு சீட்டுகளையும் மேஜைமேல் வைத்தேன். அவர் தேதிகளைப் பார்த்தார். "தாமதமாக" என்ற சொல்லை அடித்து, "இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் வேறொரு மருத்துவரைப் பார்த்துள்ளார்" என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டார். இசைக்கவைச் சோதனை அங்கே செய்யப்படவில்லை என்றும் எழுதச் சொன்னேன்.

"நான் அங்க இல்லீங்களே" என்றார். அது சரியான பதில். ஒப்புக்கொண்டேன்.

ஆனால் நான் அங்கே இருந்தேன். மே 12, திங்கள் மாலை, முதல் மருத்துவரிடம் தனியாகப் போனேன். சீட்டு வாங்கி, என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சுருக்கத்தைக் கொடுத்தேன். படித்தார்.

"அன்னிக்கு அழுக்கு இருந்துச்சில்ல?" என்றார்.

"இருந்துச்சு. காதும் போயிருந்துச்சு."

"இது வந்தா சில பேருக்குத் தானா சரியாவும். சில பேருக்கு எவ்ளோ மருந்து குடுத்தாலும் ஆவாதும்மா. அன்னிக்கே குடுத்திருந்தாலும் உங்களுக்கு வந்திருக்கும்னு சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. அந்த நாட்கள் என்னுடையவை. அவற்றை எனக்குக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"இப்ப இன்னா பண்ணணும்ன்றீங்க?"

"இசைக்கவை இருக்குதா உங்ககிட்ட?"

மேஜை இழுப்பறையைத் திறந்தார். மருந்துக் கம்பெனிப் பேனாக்களுக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் நடுவில் கிடந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் குறைந்திருக்கும்.

"வெச்சுப் பாருங்க" என்றேன்.

முழங்கையில் தட்டி என் நெற்றியில் வைத்தார். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. "எந்தப் பக்கம்?" என்று கேட்டார், இம்முறை என்னிடம். இடது என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இழுப்பறையைத் திறந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கவையை மறுபடியும் இழுப்பறைக்குள் வைக்கப் போனார்.

"மேஜை மேலயே இருக்கட்டும் டாக்டர்" என்றேன். கை அப்படியே நின்றது. பிறகு விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். நான் போன பிறகு அதை எங்கே வைத்தாரோ, எனக்குத் தெரியாது.

வெளியே புதுச்சேரிப் பேருந்து ஒன்று வலப்பக்கமிருந்து வந்தது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது என் உடலுக்கு ஒரு பக்கம் கேட்கிறது, மறுபக்கத்தைத் தலை திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாலையைக் கடக்கவும் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லவும் முன்பைவிடச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் இன்னும் பழகவில்லை. கோபமும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

மறுநாள், மே 13, காலை 5.10. விழிப்பு வந்தபோது இடப்பக்கம் ஒருக்களித்திருந்தேன், நல்ல காது தலையணைக்குள். வலக் காது மட்டும் வெளியே இருந்தது. அதில் தாழ்ந்த உறுமல் ஒன்று கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. தலையைத் தூக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினேன். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.