சுற்றிக் கொடுக்காத சோப்பு

கை நீட்டாதவர்

சோப்பை நீட்டினேன். வாங்க வந்தவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. பக்கத்தில் அண்ணனின் ஜெராக்ஸ் மெஷின் யாருடைய பட்டாவையோ பதினோரு தடவை துப்பி முடிக்கும்வரை இப்படியே நின்றோம்.

ஷேவிங் சோப்பு விற்பது பெரிய காரியமில்லை. அதை எதிலும் சுற்றாமல் விற்பதுதான் தொழில். எந்தப் பொருளையாவது வெறுமனே விற்றுப் பார்த்திருக்கும் அன்பர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வெளியூர் சோப்புக் கம்பெனி ஒன்றில் பாக்கிங் பிரிவில் நான்கு வருடம் இருந்தேன். ஒரு சோப்பு வில்லைக்கு மெழுகுத்தாள், அதன் மேல் அட்டைப்பெட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, ஆறு பெட்டிகளுக்கு ஒரு பெரிய பெட்டி. ஒருநாள் உள்ளே சோப்பு வைக்க மறந்து ஒரு லோடு போய்விட்டது. திரும்பி வந்தவை மிகச் சில. அன்றுதான் வேலையை விட்டேன். வல்லத்தில் ஒரு கொட்டகை பிடித்து, தேங்காயெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் காய்ச்சி வில்லைகளாக ஊற்றினேன். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் அண்ணன் ஆரோக்கியம் தன் ஜெராக்ஸ் கடை மேஜையில் மூன்றடி விட்டுக்கொடுத்தான். பொங்கல் வரை கெடு. அதற்குள் எவர்சில்வர் தட்டிலிருக்கும் இருநூறு வில்லைகளும் காலியானால் இடம் எனக்கு. இல்லையென்றால் அங்கே லேமினேஷன் மெஷின் வரும். உறையே வேண்டாம் என்பவளை எழுப்பிவிட்டு, எல்லாவற்றுக்கும் உறை போடும் மெஷினை உட்கார வைப்பதில் அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கை கட்டியவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சோப்பைத் தொடாமல் குனிந்து சுற்றிலும் பார்த்தார்.

"ஒட்டின இடம் எங்க?"

"ஒட்டவே இல்லைங்க சார். புது சோப்புதான்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிரிக்காதத வாங்கினாத்தாம்மா நான் பிரிச்சேன்னு இருக்கும். இத யாரு பிரிச்சது?"

சம்படம்

'பாத்திரம் கொண்டு வரவும்' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். கொண்டு வந்தார்கள். ஒரு கல்லூரி மாணவர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, வாய் வழியாகச் சோப்பு போகாததால் உருக்கி ஊற்றித் தர முடியுமா என்று கேட்டார். ஒரு வங்கி ஊழியர் டிபன் கேரியரின் நடு அடுக்கைத் திறந்து, எலுமிச்சைச் சாதத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "இந்த ஓரமா வெச்சிடுங்க" என்றார். வேண்டாமென்று தடுத்ததற்குக் கோபித்துக்கொண்டு போனார்.

ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தபோது எனக்கு மனசு நிறைந்தது. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள் செய்தித்தாள். அதற்குள் மற்றொரு கவர், ரப்பர் பேண்ட் போட்டு. கடைசியாக, முகம் தெரிகிற மாதிரி துலக்கிய சின்ன எவர்சில்வர் சம்படம் ஒன்று வெளியே வந்தது. சோப்பு அதில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மூடியை அழுத்தி மூடி, எடுத்த வரிசை மாறாமல் எல்லாவற்றையும் திரும்பச் சுற்றினார். நான் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்துவிட்டார்.

"சம்படம் கீறிடக் கூடாதுல்லங்க."

சருகு

கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். திருவையாற்று வாழைத் தோட்டங்களில் சருகு சும்மாவே கிடைத்தது. நனைத்து, துடைத்து, ஒவ்வொரு வில்லையையும் மடித்து நாரால் கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. எங்கள் ஊரில் சருகில் மடித்து நாரால் கட்டி விற்கப்படும் இன்னொரு சரக்கு மூக்குப்பொடி என்பது என் நினைவுக்கு வரவில்லை. கல்லூரிக்கு அருகே புகையிலைச் சரக்கு விற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்த அதிகாரிக்கு அது உடனே நினைவுக்கு வந்துவிட்டது.

ஒரு மடிப்பைப் பிரித்து முகர்ந்தார். தும்மல் வரவில்லை. வராததே அவர் சந்தேகத்தை அதிகமாக்கியது. "புது மாதிரி சரக்கோ?" என்றார். சோப்பு என்றேன். "அப்ப போட்டுக் காட்டுங்க."

"எனக்குத் தாடி இல்லைங்க சார்."

அவர் தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார். அண்ணன் தண்ணீரும் தன் பிரஷும் ரேசரும் கொண்டுவந்தான். நுரை நன்றாகவே எழும்பியது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வரிசையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். இடது கன்னம் முடிந்ததும் அதிகாரி விரலால் தடவிப் பார்த்து, "சோப்புதான், ஏறு வண்டியில" என்று கிளம்பினார். நான் மறுபடி சருகைத் தொடவில்லை.

உதவியாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சார், வலது பக்கமும் சோப்புதானான்னு பாத்துருங்க சார்."

கிழித்துக் காட்ட

கீழவாசலில் சலூன் வைத்திருக்கும் செல்வம் சோப்பை வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் உபயோகித்தார். நல்ல சோப்பு, தோல் எரியவில்லை, கத்தி வழுக்கிக்கொண்டு போகிறது என்று அவரே வந்து சொன்னார். மாதம் நாற்பது வில்லை எடுக்கலாம் என்றார். அண்ணன் ஜெராக்ஸை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். ஆனால் ஒவ்வொன்றும் தாளில் சுற்றித் தரவேண்டுமாம்.

"ஏங்கண்ணே, நீங்க போயி பிரிச்சுத்தானே போடப்போறீங்க?"

"பிளேடு எப்புடிப் போடுறோம்? கஸ்டமர் கண்ணு முன்னால தாளக் கிழிச்சுக் காட்டணும். கிழிக்கிற சத்தம் கேட்டாத்தான் தலையச் சாய்ப்பான்."

"சோப்பு ஒண்ணுதானே, பத்துப் பேருக்கு வருமே?"

"பத்துப் பேருக்கும் கிழிக்கணும்."

நான் யோசித்துச் சொன்னேன்: ஒரு பழைய தாளை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு சத்தம் மட்டும் காட்டலாமே. செல்வத்தின் முகம் சுருங்கிவிட்டது. எடுத்த சோப்பைத் தட்டிலேயே வைத்தார்.

"முப்பது வருஷமா தொழில் பண்றேன் தங்கச்சி. என்னைய ஏமாத்துக்காரனாக்கிடாத."

நூற்றொன்று

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருந்தபோது தட்டில் நூற்று முப்பது இருந்தது. அண்ணன் டேப்பை எடுத்து என் மூன்றடியை அளந்து பார்க்க ஆரம்பித்திருந்தான். அப்போது பாபநாசத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குத் தை பிறந்ததும் கல்யாணம். மார்கழியில் கூடாது என்பதால் அதற்கு முன்பே சீர்வரிசை கொண்டுபோகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் தட்டுகளில் ஒன்று ஷேவிங் செட். மாப்பிள்ளை கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறவர். பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி எதுவும் கண்ணில் படக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன்.

ஒரு வில்லையை எடுத்து, அவர் கொண்டுவந்திருந்த வெண்கலத் தட்டின் நடுவில் வைத்தேன். இருவரும் பார்த்தோம். வெற்றுத் தட்டில் யாரோ எதையோ வைத்துவிட்டு மறந்து போனது மாதிரி இருந்தது.

"பொட்டி இருந்தாத் தட்டு ரொம்பும்," என்றார்.

"பெட்டி கூடாதே அம்மா."

"ஆமா, கூடாது." தட்டைச் சுற்றி வந்தார். "லட்டு எப்புடி வைக்கிறோம்? அடுக்கித்தானே வைக்கிறோம்? இதையும் அடுக்கிடு." அடியில் அகலமாகவும் மேலே கூம்பாகவும் அடுக்கினோம். நூறில் உச்சி வந்தது. நூறு என்று முடிக்கக் கூடாது என்பதற்காக இன்னொன்று. எழுந்து தூரத்தில் நின்று பார்த்தார்.

"இப்பத்தான் நாங்க ஒண்ணும் கொறைக்கலைன்னு தெரியுது."

மாப்பிள்ளை

மீதி இருபத்தொன்பது. அண்ணன் மெஷின்காரருக்குப் போன் செய்து அவசரமில்லை என்றான். பத்து நாள் கழித்து, ஆட்டோவில் மாப்பிள்ளையே வந்தார். அந்தத் தட்டை மடியில் வைத்திருந்தார். அலங்காரம் செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தட்டு முழுவதும் கண்ணாடித்தாளால் மூடி, உச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஆனால் நான் பார்த்தது அதை அல்ல. அவருக்கு நெஞ்சுவரை தாடி.

"நான் ஷேவ் பண்றதே இல்லைங்க. பிளேடு, தண்ணி, சோப்பு, எல்லாம் வேஸ்ட் பாருங்க." மிக மரியாதையாகப் பேசினார். தட்டை மேஜையில் வைத்துவிட்டு வில்லைகளை ஒவ்வொன்றாக என் தட்டுக்கு மாற்றினார். பணம் திரும்ப வேண்டாம் என்றார். அவர் போனதும் நான் அண்ணனிடம், விற்றது விற்றதுதானே என்றேன். அவன் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன்.

"வித்துது, ஒத்துக்கிறேன். ஆனா தட்டு காலியாவணும்னுதானே பேச்சு, மேரி."

முந்தானை நுனி

போகிக்கு முதல் நாள் மெஷின் வந்தது. பெட்டி, அதற்குள் தெர்மோகோல், அதற்குள் குமிழித்தாள், அதற்குள் பை. கடையில் நிற்க இடமில்லை. அண்ணன் என் தட்டைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைக்கக் குனிந்தபோது, ஓர் அம்மா காப்பீட்டு அட்டையை ஜெராக்ஸ் எடுக்க நீட்டினார். முத்துப்பேட்டைக்காரர். ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கணவருக்கு மறுநாள் காலையில் வயிற்றில் ஆபரேஷன். அவர் கண் அண்ணன் கையிலிருந்த தட்டுக்குப் போனது.

"அது ஷேவிங் சோப்பாங்க? மழிக்கணும், வாங்கியாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

பழக்க தோஷத்தில் நான் முந்திக்கொண்டேன். "கவர் எதுவும் கிடையாதுங்க."

"கவரு இல்லாமத்தான் வேணும். ஏற்கெனவே கட்டிலுக்கடியில பிஸ்கட்டு கவரு, மருந்து கவரு, ஊசி கவருன்னு கெடக்கு. கூட்டுற அம்மா வந்து என்னையத்தான் திட்டுது." அண்ணன் குனிந்த நிலையிலேயே ஒரு வில்லையை எடுத்துக் கொடுத்தான். அவர் ஒட்டின இடத்தைத் தேடவில்லை. முந்தானை நுனியில் வைத்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பினார்.

"பொங்கலுக்கப்புறமும் இங்கதானே இருப்பீங்க? இவரு பொழச்சு எந்திரிச்சா மூஞ்சிக்கும் ஒண்ணு வாங்கணும்."

சுற்றிக் கொடுக்காததற்காக யாரிடமும் பேச்சு வாங்காமல் நான் செய்த வியாபாரம் இதுவரை இந்த ஒன்றுதான் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, லேமினேஷன் மெஷினைத் தூக்கித் தன் நாற்காலியில் உட்காரவைத்து, அடுத்தவரின் ரேஷன் கார்டை நின்றுகொண்டே வாங்கினான்.